மரத்தை வெட்டிப் பிழைத்த கப்பல்

ராணிப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு கப்பல் கதையா என்று கேட்பீர்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரைக்கும்தான் வந்தது. நம் பக்கத்துத் தோல் சரக்குக்குக் கடற்கரை கிட்டே வந்துவிட்டது. ஆனால் வசதி கரையோடு சரி. மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகளை மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோவார்கள். படகின் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் வளைந்து கொடுக்கும்.

அங்கிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி லண்டன் போக மூன்று நான்கு மாதம். பச்சைத் தோல் அதுவரை தாங்குமா? ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் தாங்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் கிளம்பினால் ஒதுங்க இடமில்லை. கரைக்குப் பக்கத்தில் நின்றால் தரைதட்டி நொறுங்கும். ஆழ்கடலுக்கு ஓடிவிட வேண்டும். அங்கேயும் பாயைச் சுருட்டினால் மட்டும் போதாது. உயர்ந்த பாய்மரமும் கயிறுகளும் காற்றைப் பிடித்துக் கப்பலைச் சாய்க்கும். கடைசி வழி கோடரிதான். மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளை அறுத்து, மரத்தை வெட்டிக் கடலில் தள்ளுவார்கள். விழுந்த மரத்தை உடனே கழற்றிவிடாவிட்டால் அதுவே கப்பலை இடித்து ஓட்டை போடும்.

1865-ல் மெட்ராஸுக்கு அப்பால் 'யூடர்பி' செய்தது இதைத்தான். மான் தீவில் 1863-ல் கட்டிய இரும்புக் கப்பல் அது. மரங்களை இழந்து தத்தளித்துத் திருகோணமலை சேர்ந்து, பிறகு கல்கத்தாவில் பழுது பார்த்தது. ஊர் திரும்பும் வழியில் கேப்டன் ஸ்டோரி இறந்துபோனார். உடலைக் கடலில்தான் அடக்கம் செய்தார்கள்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் இந்தியச் சரக்கு மெல்ல மெல்ல நீராவிக் கப்பலுக்குப் போனது. யூடர்பி வேறு பிழைப்புத் தேடியது: நியூசிலாந்துக்குக் குடியேறுவோரை ஏற்றி உலகை 21 முறை சுற்றியது, அலாஸ்காவில் சால்மன் மீன் தொழிலுக்கு 1923 வரை ஓடியது. 1906-ல் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்று பெயர் மாற்றினார்கள்.

அன்று மரத்தைக் காப்பாற்றப் பார்த்திருந்தால் கப்பலே போயிருக்கும். இப்போது அது அமெரிக்காவின் சான் டியாகோவில் மிதக்கிறது. அவ்வப்போது பாய் விரித்துக் கடலுக்கும் போய்வருகிறது.