நேர்காணலுக்கு வந்த கோப்பு

டோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்கு மேலே, பிளாசா சிங்கப்பூராவில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் காப்பியை ஆறவிட்டு மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார். லிங்க்ட்இன் வழியாக வந்த மென்பொருள் வேலை, கிரிப்டோ நிறுவனமாம். வீடியோ நேர்காணல் தொடங்கிய பத்தாவது நிமிடம் கிட்ஹப் இணைப்பு ஒன்று வந்தது. "இறக்கி ஓட்டிப் பாருங்கள், ஒரு பிழை இருக்கிறது" என்றார்கள். அந்தப் பக்கத்துக் கேமரா கடைசிவரை திறக்கவே இல்லை.

அவர் ஓட்டாமல் படித்துப் பார்த்தார். ஒரு வரி மட்டும் வலப்பக்கம் நீண்டுகொண்டே போனது. வெற்றிடத்தைத் தாண்டி உருட்டிப் போனால், திரைக்கு வெளியே யாருக்கும் புரியாதபடி எழுதிய நிரல் பதுங்கியிருந்தது.

இந்த வலைக்கு 'கன்டேஜியஸ் இன்டர்வியூ' என்று பெயர் வைத்தவர்கள் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் யூனிட் 42 ஆய்வாளர்கள். 2023 நவம்பரில் அதை வெளியிட்டபோது, பின்னணியில் வடகொரியா என்றார்கள். நிரல் பொதிகளை நிறுவும் 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளையைத் தட்டினாலே சில ஸ்கிரிப்டுகள் தாமாக ஓடிவிடும். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் கிரிப்டோ பணப்பையும் போய்விடும். அலுவலகக் கணினியில் ஓட்டினால் சேதம் உங்களோடு நிற்காது. 2022 மார்ச்சில் ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டின் ரோனின் பிளாக்செயினிலிருந்து 60 கோடி அமெரிக்க டாலருக்குமேல் திருடுபோனது. போலி வேலைக் கடிதத்தை ஒரு பொறியாளர் திறந்ததுதான் வாசலாயிற்று என்று பிறகு செய்தி வந்தது.

ஆகவே சோதனைக் கோப்பை மெய்நிகர் கணினியில் மட்டும் ஓட்டுங்கள். நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானதா என்று அக்ரா அமைப்பின் பிஸ்ஃபைல் தளத்திலும், வேலைவாய்ப்பு முகவருக்கு உரிமம் உண்டா என்று மனிதவள அமைச்சின் தளத்திலும் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

உண்மையான நிறுவனங்களிடமும் கொஞ்சம் விழிப்பு வேண்டும். மூன்று நாள் உழைப்பைக் கேட்கும் 'வீட்டுச் சோதனை' சில இடங்களில் இலவச வேலைதான். டோபி காட் என்ற பெயரே அங்கே ஓடையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் வந்தது. கூலியில்லாமல் வெளுத்துக் காட்டு என்று அவர்களிடம் யார் கேட்டிருப்பார்கள்? சோதனை எழுதும்போது நீங்கள் இன்னும் அந்த நிறுவனத்தின் ஊழியர் இல்லை. எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காதவரை அந்த நிரலின் பதிப்புரிமை உங்களுடையதே.

கல்யாணம், கர்ப்பம், இனம், மதம் பற்றிய கேள்விகளை வைத்து உங்களை ஒதுக்கினால் நியாயமான வேலை நடைமுறைகளுக்கான டாஃபெப் அமைப்பிடம் புகார் செய்யலாம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் ஆள்சேர்ப்பையும் உள்ளடக்கியது. 2027 இறுதிக்குள் நடப்புக்கு வரும் என்பது அரசின் அறிவிப்பு. 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. என் பார்வையில் இது பெரிய ஓட்டை, புத்தொழில் நிறுவனங்கள் பலவும் அந்த அளவுதானே! வெளிநாட்டவருக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் எடுத்துத்தர முதலாளி உங்களிடம் பணம் கேட்டால் அது குற்றம்.

சந்தேகத்துக்குரிய சோதனைக் கோப்பை ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? இணையத் தொடர்பை உடனே துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், வங்கியை அழையுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். அலுவலகக் கணினி என்றால் வெட்கப்படாமல் அன்றைக்கே ஐடி பிரிவிடம் சொல்லிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799; நள்ளிரவிலும் எடுப்பார்கள்.