டெனடோஸ் என்ற நாசகாரிக் கப்பல்



நம்ம பக்கம் கடல் கிடையாது. நான் பார்த்த பெரிய தண்ணி மேட்டூர் அணைதான். ஆனாலும் ஒரு போர்க்கப்பலைப் பற்றி எழுதுகிறேன்.

நாசகாரி என்றால் என்ன?

டார்பிடோ என்பது தண்ணீருக்குள்ளேயே பாய்ந்து போய் கப்பலின் அடிப்பகுதியை உடைக்கும் குண்டு. இதை வைத்து சின்னப் படகுகள்கூட பெரிய கப்பல்களை மூழ்கடிக்க முடிந்தது. அந்தப் படகுகளைத் துரத்தி அழிக்க 1890-களில் இங்கிலாந்து கட்டிய வேகமான கப்பல்தான் நாசகாரி.

டெனடோஸ் 1918-ல் கடலில் இறக்கப்பட்டது. நீளம் 84 மீட்டர். 3 பீரங்கிகள். வேகம் மணிக்கு சுமார் 66 கி.மீ. லோடு ஏத்துன லாரியை விட வேகம்! ஆனால் இரும்புத் தகடு மெல்லியது. வேகம்தான் அதுக்குக் கவசம்.

எப்படித் தப்பித்தது?

1941 டிசம்பரில் பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய கப்பல்களுக்குக் காவலாக சிங்கப்பூரிலிருந்து போனது. எண்ணெய் குறைந்ததால் 9-ந் தேதி திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் வழியில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. வளைந்து வளைந்து ஓடித் தப்பித்தது. அதே நாளில் பெரிய கப்பல்கள் இரண்டும் மூழ்கி 800 பேருக்கு மேல் இறந்தார்கள்.

எப்படி மூழ்கியது?

1942 ஏப்ரல் 4. ஜப்பான் கப்பல்கள் இலங்கைக்கு வருவதை கனடா விமானி பெர்ச்சால் பார்த்து ரேடியோவில் சொல்லிவிட்டார். கொழும்பு துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்னாடியே வெளியேறின. டெனடோஸ் பழுது பார்க்க நின்றிருந்தது. அதனால் போக முடியவில்லை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் குண்டு விழுந்து மூழ்கியது. மாலுமிகளும் இறந்தார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை மக்கள் பயந்துபோய் உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பினார்கள்.

எங்க அப்பா லாரி டிரைவர். இதைச் சொன்னேன். “ஓடுற வரைக்கும்தான் வண்டி, நின்னுட்டா வெறும் இரும்பு”ன்னார். கொஞ்ச நேரம் கழித்து, “கப்பலை விடு சாமி, அதுக்குள்ள இருந்த பசங்க வீட்டுல யாருக்காகக் காத்திருந்திருப்பாங்க?”ன்னு கேட்டார்.

அப்பா வர்ற வரைக்கும் நாங்க காத்திருக்கிற மாதிரிதான், இல்லையா?

– 9-ஆம் வகுப்பு மாணவி