பழைய சேலை, பனியன் துணியில் போர்வை தைக்க எந்த மிஷின் வாங்கலாம்? குழுக்கடனில் சிக்கும் பெண்கள் கவனிக்க வேண்டியது என்ன?

திருப்பூர்:

பழைய சேலைகளை அடுக்கி தைக்கும் போர்வை, பனியன் கம்பெனி கட் பீஸ்களை ஒட்டுப்போட்டு தைக்கும் மெத்தை விரிப்பு, மிதியடி... வீட்டில் இருந்தபடியே நாலு காசு பார்க்க நினைக்கும் பெண்கள் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். ஆனால் முதல் செலவான தையல் மிஷினிலேயே கோட்டை விட்டால், வாரா வாரம் குழுக்கடன் கட்டுவதுதான் மிச்சம்.

காரணம் ரொம்ப சாதாரணம். ஜாக்கெட், சுடிதார் தைப்பது வேறு, போர்வை தைப்பது வேறு. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு அல்லது பழைய துணி, கீழே ஒரு துணி என்று குறைந்தது 3 அடுக்கு வரும். ஒட்டு சேரும் இடத்தில் அதுவே 6, 7 அடுக்காகி விடும். அந்த மேட்டில் ஏறி இறங்கும் தெம்பு மிஷினுக்கு வேண்டும்.

மினி மிஷின் வேண்டாம்

ஆன்லைனில் 1,500 ரூபாய், 2 ஆயிரம் ரூபாய்க்கு கிடைக்கும் குட்டி பிளாஸ்டிக் மிஷின்கள் கிழிசல் தைக்க மட்டுமே லாயக்கு. 4 மடிப்பு துணியை வைத்தாலே ஊசி திணறும், தையல் விட்டுப்போகும். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைப்பதும் கஷ்டம்.

கால் மிஷின்

கையில் காசு கம்மி என்றால் கால் மிஷின்தான் பெஸ்ட். டெய்லர் கடையில் இருக்கும் கருப்பு மிஷின் இது. ஸ்டாண்டோடு சேர்த்து சுமார் 10 ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். முழுக்க இரும்பு என்பதால் தடிமனான துணியையும் குத்திப்போகும். நேர் தையல் மட்டுமே வரும். போர்வைக்கு அது போதும். கரண்ட் போனாலும் வேலை நிற்காது. வருமானம் வந்த பிறகு மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். எந்த ஊரிலும் ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு.

ஜிக்ஜாக் மிஷின்

வெள்ளை நிறத்தில் வரும் கரண்ட் மிஷின் சுமார் 10 ஆயிரத்தில் இருந்து 15 ஆயிரம் ரூபாய் வரை இருக்கும். பூ வேலை, காஜா, ஓரம் அடிப்பது எல்லாம் வரும். மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும் 'வாக்கிங் புட்' மாட்டினால் அடுக்குகள் விலகாது. ஆனால் பல மாடல்களில் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம். தினமும் மணிக்கணக்கில் தடித்த துணி ஓட்டினால் தாங்காது. வீட்டு உபயோகத்துக்கு சரி, தொழிலுக்கு யோசிக்க வேண்டும்.

பவர் மிஷின்

கம்பெனிகளில் ஓடும் பவர் மிஷின் புதிதாக வாங்க 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். வேகம் அதிகம். ஊசிக்கும் வலதுபக்க தூணுக்கும் நடுவில் உள்ள இடம் 10 அங்குலத்துக்கு மேல் இருப்பதால் பெரிய போர்வையை சுருட்டி நுழைப்பது சுலபம். வீட்டு மிஷினில் இந்த இடம் 6, 7 அங்குலம்தான்.

பழைய பவர் மிஷினும் கிடைக்கும். அதில் கிளட்ச் மோட்டாரா, சர்வோ மோட்டாரா என்று பாருங்க. கிளட்ச் மோட்டார் சும்மா இருக்கும்போதும் சுத்திக்கொண்டே இருக்கும், கரண்ட் பில் எகிறும். சர்வோ, பெடலை மிதித்தால்தான் ஓடும். மிஷின் கனமானது என்பதால் மாடி வீட்டு வாடகைக்காரர்கள் யோசித்து வாங்குவது நல்லது.

கணக்கு போடுங்க

ஒரு போர்வைக்கு 150 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொண்டால், 9 ஆயிரம் ரூபாய் மிஷின் காசை எடுக்க 60 போர்வை தைக்க வேண்டும். 27 ஆயிரம் ரூபாய் மிஷின் என்றால் 180 போர்வை. ஆர்டர் கையில் இல்லாமல் பெரிய மிஷினுக்கு கடன் வாங்குவது ஆபத்து.

கடையில் என்ன பார்க்கணும்?

* தைக்கப்போகும் துணியையே அடுக்கி, கையோடு எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் தரும் மெல்லிசு துணியில் எல்லா மிஷினும் நல்லாத்தான் தைக்கும்.

* ஒட்டு மேல் ஏறும்போது தையல் விடுதா, அடியில் நூல் வளையம் வளையமா தொங்குதா என்று திருப்பிப் பாருங்க.

* சக்கரத்தை கையால் சுத்தினால் சிக்காமல் சுத்தணும்.

* தடித்த துணிக்கு 16-ம் நம்பர் ஊசி, ரொம்ப தடிமன் என்றால் 18. பவர் மிஷினுக்கு உருண்டை ஊசி, வீட்டு மிஷினுக்கு ஒரு பக்கம் தட்டையான ஊசி. மாற்றி வாங்கிடாதீங்க.

* பில் கேட்டு வாங்குங்க. தையல் மிஷினுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைக்கப்பட்டது.

மானியம் உண்டா?

தமிழக அரசு 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையல் தொழிலும் சேர்க்கப்பட்டது. 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம் என்று அறிவிக்கப்பட்டது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்ட தொழில் மையத்தில் கேட்கலாம். ஆதரவற்ற, ஏழைப் பெண்களுக்கான இலவச தையல் மிஷின் பற்றி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். வட்டிக்கு வாங்கும் முன் இந்த இரண்டு வாசலையும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

மிஷின் வந்ததும் அவசரப்பட வேண்டாம். அடுக்குகளை முதலில் கை ஊசியில் நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு நிறுத்திவிட்டு, நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி தைத்தால் சுருக்கம் விழாது. தினமும் வேலை முடிந்ததும் பஞ்சுத் தூசியை பிரஷால் தட்டி, வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டால் கால் மிஷின் பல வருஷம் உழைக்கும்.