வெல்டிங் இல்லாத கோபுரங்கள்



வெல்டிங் இல்லை, போல்ட் இல்லை, ரிவெட் இல்லை. ஏறி நிற்கச் சாரமும் இல்லை. ஆனால் உயரம் ஏறக்குறைய 100 அடி! இதை ஒத்தை ஆளாகக் கட்டியவர் சைமன் ரோடியா.

1879-இல் இத்தாலியில் பிறந்து, சின்ன வயசிலேயே அமெரிக்கா போனவர். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. கட்டட வேலை, டைல்ஸ் பதிக்கிற வேலை என்று பிழைப்பு ஓடியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாட்ஸ் என்ற பகுதியில் முக்கோண மனை ஒன்றை வாங்கி, 1921-இல் ஆரம்பித்தார். 1954-இல் கை ஓய்ந்தார். கூலி வேலை போக மிச்ச நேரமெல்லாம் இதுதான்.

கட்டிய விதம்தான் நமக்கு முக்கியம். கம்பி வளைக்க நம்ம வொர்க்ஷாப் மாதிரி வைஸ் ஏது? பக்கத்து ரயில் தண்டவாளத்தில் செருகி வளைத்தார். கம்பியோடு கம்பியை ஒயரால் இறுக்கி, வலை சுற்றி, கலவை பூசினார். ஈரம் காய்வதற்குள் உடைந்த டைல்ஸ், பீங்கான், சிப்பி, செவன்-அப் பாட்டிலின் பச்சைக் கண்ணாடி எல்லாவற்றையும் பதித்தார். நாம் ஸ்கிராப் என்று தள்ளுவதைச் சேர்த்துச் செய்கிற இந்தக் கலைக்கு அசெம்பிளேஜ் என்று பெயர். ஜன்னல் துடைப்பவர்களின் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கட்டி முடித்த வளையத்தின் மேலேயே ஏறி அடுத்த வளையம் போடுவார்.

பிறகு மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டுப் போய்விட்டார்!

ஆபத்தான கட்டுமானம், இடியுங்கள் என்றது நகராட்சி. கணக்கு இல்லை, பர்மிட் இல்லை. அவர்கள் பயந்ததிலும் நியாயம் உண்டு. பட் கோல்ட்ஸ்டோன் என்ற விமானப் பொறியாளர் குறுக்கே வந்தார். "லோடு டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்" என்பதுதான் அவர் கட்சி. 1959 அக்டோபர் 10. பக்கவாட்டில் 10,000 பவுண்டு விசை கொடுத்தார்கள். இழுத்த கருவிதான் விட்டுக்கொடுத்தது, கோபுரம் அசையலை! உத்தரவு ரத்தானது.

ஏன் விழலை? என் கணக்கு இது: கூடு மாதிரி அமைப்பு என்பதால் காற்று உள்ளே புகுந்து போய்விடும். வளையமும் குறுக்குக் கம்பியும் பின்னிக் கிடப்பதால், ஒன்று தளர்ந்தாலும் பக்கத்துக் கம்பிகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும்.

ரோடியா 1965-இல் காலமானார். 1990-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. வெயிலில் கம்பி நீளுது, குளிரில் சுருங்குது, கலவையில் விரிசல் விழுது. ரிப்பேர் வேலை மட்டும் ஓயவேயில்லை.