துவக்கின் மரப்பிடி

துவக்கின் திறத்தைக் குழலிலே காண்பார் பலர். தோளில் அணையும் மரப்பிடியைக் கருதுவார் சிலரே. சன்னத் துவக்கிற்குப் பின்குறி இல்லை; சுடுவோன் கண்ணே பின்குறியாகும். கண்ணுக்கும் குழல்வாய்க்கும் இடைவெளி ஏறக்குறைய 1 யார். ஆதலின் கண் கால் அங்குலம் உயரின், 40 யாரில் சூடு ஏறக்குறைய 10 அங்குலம் மேலே செல்லும்.

வில்பத்துக் காட்டை அடுத்த வண்ணாத்திவில்லில், பயிர்க்காவல் துவக்கொன்று உரிய அனுமதியோடு தந்தையிடமிருந்து மைந்தன் கைக்கு வருகிறதெனக் கொள்வோம். பிடி குறுகினால், உதைப்பில் பெருவிரல் மூக்கில் மோதும். நீண்டால் அக்குளிற் சிக்கும். மெல்லிய சட்டை அணியும் நம் கரையோரத்தார்க்கு, குளிர்நாட்டாரினும் சற்று நீண்ட பிடியே பொருந்தும். முதுமையிற் கழுத்து வளையாதபோது, கன்னம் படியும் மேடு உயரவேண்டும். குறையைத் தோற்பட்டையால் நிரப்பலாம். மிகுதியைத் தச்சன் சீவலாம்.

இது வீண் நுணுக்கமன்று. குறி தவறிப் புண்பட்ட காட்டுப்பன்றி எதிர்ப்பட்டோர்மேற் பாயும். ஆகவே, கைமாறும் துவக்கு வெறுமையாயிருத்தலை உறுதிசெய்து, கண்மூடித் தோளிலேற்றிப் பின் கண்திறந்து நோக்குவோம். பார்வை குழலின் நடுவே நேரே சென்றால், பிடி நமக்குரியது.