பகலில் எதற்கு விளக்கு?



நல்ல வெயில் நேரம். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறீர்கள். எதிரே வரும் ஒருவர் கையை நீட்டி, விரல்களை மூடி மூடித் திறந்து காட்டுகிறார். டீக்கடை வாசலில் நிற்கும் பெரியவர், "தம்பி, லைட் எரியுது பாரு!" என்று குரல் கொடுக்கிறார். அப்பாவோ தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.

ஏன் அவர் விளக்கை அணைக்கவில்லை? அணைக்க முடியாது! 2017 ஏப்ரல் 1-ம் தேதி முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடத் தொடங்கியதுமே முன்விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது விதி. அதனால் புது வண்டிகளில் அதை அணைக்கும் சுவிட்சே கிடையாது. அதற்கு முன் வாங்கிய வண்டிகளில் சுவிட்ச் உண்டு. போடுவதும் போடாததும் ஓட்டுபவர் விருப்பம்.

சூரியன் இருக்கும்போது விளக்கு எதற்கு? இது வீண் செலவா, உயிர் காக்கும் வழியா? இரண்டு பக்க நியாயத்தையும் கேட்டு, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பார்க்க அல்ல, பார்க்கப்பட!

இரவில் விளக்குப் போடுவது நமக்குப் பாதை தெரிவதற்காக. பகலில் போடுவது நாம் மற்றவர் கண்ணில் படுவதற்காக. இந்த வித்தியாசத்தை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு பெரிய வண்டி பகலில் தெரியாதா?" என்று கேட்கலாம். 2022-ம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள். சுமார் 205 பேர்! வேகம், தலைக்கவசம் இல்லாமை, மோசமான சாலை என்று இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, "வண்டி வந்ததை நான் பார்க்கவே இல்லை" என்பது.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தார்கள். 1981-ல் அறிக்கை வெளியானது. இன்னொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டிக்காரர் மோட்டார் சைக்கிளுக்கு வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நேர்ந்தவை. மோட்டார் சைக்கிளை அவர்கள் கவனிக்காததுதான் முக்கியக் காரணம் என்று அந்த அறிக்கை சொன்னது.

கண் செய்யும் மாயம்

கண் திறந்திருந்தும் தெரியாமல் போகுமா? போகும். செய்து பாருங்கள்.

சோதனை 1: கண்ணாடி முன் நில்லுங்கள். முதலில் உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். சட்டென்று வலது கண்ணைப் பாருங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உங்கள் கண் அசைவது உங்களுக்குத் தெரியாது! பக்கத்தில் நிற்கும் தங்கையைக் கேளுங்கள். "அண்ணா, கண்ணு நல்லா அசையுதே!" என்பாள். கண் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் அந்த நொடிப்பொழுதில் கிடைக்கும் கலங்கலான காட்சியை மூளை ஒதுக்கிவிடுகிறது. நாற்சந்தியில் அவசரமாக இடமும் வலமும் பார்க்கும் கார் ஓட்டுநரின் கண்ணும் இப்படித்தான் தாவுகிறது. இரண்டு தாவலுக்கு நடுவே ஒல்லியான ஒரு மோட்டார் சைக்கிள் விடுபட்டுப் போகலாம்.

சோதனை 2: வீட்டு ஜன்னல் ஓரமாகவோ, பெரியவர்களோடு மொட்டை மாடியிலோ நின்றுகொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்குங்கள். 25 மீட்டருக்கு அப்பால் வரும் மோட்டார் சைக்கிள் அந்த ஒரு விரலுக்குப் பின்னால் மறைந்துவிடும். அதே தூரத்தில் வரும் பஸ் மறையாது. காரின் முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உள்ள கம்பம் இருக்கிறதே, அதுவும் ஓட்டுநருக்கு இந்தக் கட்டைவிரல் போலத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய பொருள் தூரத்தில் இருப்பதாகவே நம் மூளை நினைக்கும். லாரியும் மோட்டார் சைக்கிளும் ஒரே தூரத்தில் வந்தாலும், மோட்டார் சைக்கிள் தள்ளி வருவதுபோல் தோன்றும். "அது வர நேரமாகும்" என்று நினைத்து ஓட்டுநர் வண்டியைத் திருப்பிவிடுவார்.

கணக்கு போடுவோம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 15 மீட்டர். 75 மீட்டர் தள்ளி வரும் வண்டி ஐந்தே விநாடிகளில் பக்கத்தில் வந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து... அவ்வளவுதான்!

நம் ஊர்ப் புளியமரச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். மரத்தடியில் கரு நிழல், அடுத்த அடியில் கண் கூசும் வெயில். கறுப்பு வண்டி, கறுப்புச் சட்டை, நிழல் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும். அங்கே ஒரு விளக்கு எரிந்தால்? கண் தானாக அந்தப் பக்கம் போகும்.

மற்ற நாடுகளில்

சுவீடன் 1977-லேயே எல்லா வாகனங்களும் பகலிலும் விளக்கோடு ஓட வேண்டும் என்று சட்டம் போட்டது. "அது குளிர் நாடு. சூரியன் தாழ்வாக இருக்கும், வெளிச்சம் மங்கல். நம்மைப் போன்ற வெயில் நாட்டுக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி!

பதில் மலேசியாவில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள வெயில் நாடு அது. நம் ஊரைப் போலவே அங்கும் மோட்டார் சைக்கிள்கள் ஏராளம். 1992-ல் அங்கே மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கு எரிய ஓட வேண்டும் என்று சட்டம் வந்தது. பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். கண்ணில் படாததால் நடக்கும் வகை விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தன. பக்கத்து நாடான சிங்கப்பூரும் 1995-ல் இதே விதியைக் கொண்டுவந்தது.

எதிர்ப் பக்கம் என்ன சொல்கிறது?

முதலாவது, செலவு. "பல்பு சீக்கிரம் போய்விடும், பேட்டரி வீணாகும், பெட்ரோல் செலவாகும்" என்கிறார்கள். பழைய வண்டிகளின் முன்விளக்கு பெரும்பாலும் 35 வாட். வீட்டில் எரியும் பழைய டியூப் லைட் அளவுதான். இப்போது வரும் எல்.இ.டி. விளக்குகளுக்கு இன்னும் குறைந்த மின்சாரம் போதும். செலவு இல்லாமல் இல்லை. ஆனால், ஓர் உயிரோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை.

இரண்டாவது வாதம் கொஞ்சம் பலமானது. "எல்லோரும் விளக்குப் போட்டால், விளக்கு இல்லாதவர் கதி என்ன?" கார், லாரி, பஸ் எல்லாம் விளக்கோடு வந்தால், அந்தக் கூட்டத்தில் மோட்டார் சைக்கிளின் ஒற்றை விளக்கு எடுபடாது. நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் இன்னும் கண்ணில் படமாட்டார்கள். ஆஸ்திரியாவில் 2005-ல் கார்களுக்கும் பகல் விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே இந்த வாதம் பலமாக எழுந்தது. 2008 தொடக்கத்தில் அந்த விதியையே கைவிட்டார்கள்.

மூன்றாவது, ஒரு வேடிக்கையான வரலாறு. விளக்கு ஒரு பொருளைக் காட்டிக்கொடுக்கும் என்றுதானே நினைக்கிறோம்? மறைக்கவும் செய்யும்! இரண்டாம் உலகப் போரின்போது, 1943-ல் அமெரிக்கக் கடற்படை ஒரு சோதனையைத் தொடங்கியது. வானத்தில் வரும் விமானம் தூரத்திலிருந்து பார்த்தால் கரும்புள்ளியாகத் தெரியும். கடலில் இருக்கும் எதிரி உஷாராகிவிடுவான். எனவே விமானத்தின் முன்பக்கம் வரிசையாக விளக்குகளைப் பொருத்தி, வானத்தின் வெளிச்சத்துக்குச் சமமாக எரியவிட்டார்கள். கரும்புள்ளி காணாமல் போனது! சுமார் 19 கிலோமீட்டர் தூரத்திலேயே தெரிந்துகொண்டிருந்த விமானம், மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பின்னணியும் விளக்கும் ஒரே வெளிச்சமாக இருந்தால் விளக்கு உதவாது. பின்னணியைவிட விளக்கு பளிச்சென்று இருந்தால்தான் உதவும். சாலையில் பெரும்பாலும் மரம், கட்டடம், வண்டி, தார் ரோடு என்று பின்னணி மங்கலாகவே இருக்கும். அதனால் விளக்கு எடுபடுகிறது. மேட்டில் ஏறி வெட்டவெளி வானத்தை முதுகில் வைத்து வரும்போது அவ்வளவாக எடுபடாது.

நான்காவது, கண் கூச்சம். பகல்தானே என்று சிலர் 'பிரைட்' போட்டுக்கொண்டு போகிறார்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது. பகலிலும் 'டிம்' தான் போட வேண்டும்.

தீர்ப்பு என்ன?

என் கருத்தைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிளுக்குப் பகல் விளக்கு நல்லதே. பழைய வண்டி வைத்திருப்பவரும் போட்டுக்கொள்ளலாம். ஆனால், "விளக்கு எரிகிறது, எல்லோரும் என்னைப் பார்த்திருப்பார்கள்" என்று நம்பி வேகமாகப் போனால், அந்த விளக்கால் நன்மையைவிடத் தீமையே அதிகம். விளக்கு மற்றவருக்கு ஒரு செய்தி. அதை அவர் படித்தாரா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. சந்திப்பு வந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

விளக்கு மட்டுமே வழியும் அல்ல. நியூசிலாந்தில் செய்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். பகலில் விளக்குப் போட்டவர்களுக்கு விபத்தில் காயம்படும் ஆபத்து 27 சதவீதம் குறைவு. பளிச்சென்று ஒளிரும் உடை அணிந்தவர்களுக்கு 37 சதவீதம் குறைவு. கறுப்புத் தலைக்கவசம் போட்டவர்களைவிட வெள்ளைத் தலைக்கவசம் போட்டவர்களுக்கு 24 சதவீதம் குறைவு. சட்டையின் நிறமும் காப்பாற்றுகிறது, பார்த்தீர்களா?

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கும்போது, முன்விளக்குக் கண்ணாடியின் சேற்றையும் தூசியையும் நீங்கள் துடைத்துக் கொடுங்கள். பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

* அப்பா, அண்ணன் பகலில் 'பிரைட்' போட்டிருந்தால் அன்பாக நினைவுபடுத்துங்கள்.

* நீங்களும் தலைக்கவசம் அணியுங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அணிய வேண்டும் என்பது சட்டம். புதிதாக வாங்கினால் வெள்ளை அல்லது மஞ்சள் நிறத்தில் கேளுங்கள்.

* சைக்கிளில் பள்ளிக்குப் போகிறீர்களா? உங்களுக்கு முன்விளக்கு கிடையாது. ஆகவே நீங்கள்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். சைக்கிளின் பின்னால் சிவப்பு ஒளித்தகடு உடையாமல் இருக்கிறதா? புத்தகப் பையில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறதா?

* சாலையைக் கடக்கும்போது ஒருமுறை பார்த்தால் போதாது. கண் தாவும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். வலம், இடம், மீண்டும் வலம் என்று நிதானமாகப் பாருங்கள். பெரிய வண்டி போனதும் ஓடிவிடாதீர்கள். அதன் பின்னால் சின்ன வண்டி வரும்.

* 'ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்' என்று மோட்டார் சைக்கிள் சாவியைத் தொடாதீர்கள். உரிமம் வாங்கும் வயது வரும்வரை பொறுங்கள். சிறுவர்கள் ஓட்டி மாட்டிக்கொண்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் சிறைத் தண்டனையும் கிடைக்கலாம் என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட சட்டம்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். வீட்டு மாடியிலோ வாசல் திண்ணையிலோ பத்து நிமிடம் உட்காருங்கள். தெருவில் வரும் மோட்டார் சைக்கிள்களை எண்ணுங்கள். விளக்கு எரிந்தவை எத்தனை, எரியாதவை எத்தனை என்று இரண்டு பத்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எதை முதலில் பார்த்தீர்கள், எதைத் தாமதமாகப் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். திங்கட்கிழமை வகுப்பில் நண்பர்களின் கணக்கோடு ஒப்பிட்டுப் பேசுங்கள். உங்கள் தீர்ப்பு என் தீர்ப்போடு ஒத்துப்போகவில்லை என்றாலும் பரவாயில்லை. கண்ணால் பார்த்து, கணக்குப் போட்டுச் சொன்ன தீர்ப்பாக இருந்தால் சரி!