சென்னை டு திருநெல்வேலி: ரெண்டு பொடிசுகளோட காரில் 620 கிலோமீட்டர்

போன மாசம் ரெண்டு வாரம் எபிசோட் வரலையே, எங்க போயிட்டன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. ஊருக்குத்தான் போயிருந்தேன். பையனுக்கு ஒன்பது மாசம் ஆச்சு. குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு, காது குத்தணும். கோயில் திருநெல்வேலிக்குப் பக்கத்துல. ட்ரெயின்ல வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்ல. சரி, கார்லயே போயிடலாம்னு முடிவு பண்ணினோம். நான், மனைவி, அம்மா, மூணு வயசுப் பொண்ணு, ஒன்பது மாசப் பையன். மொத்தம் அஞ்சு பேர்.

குழந்தைகளோட நெடுந்தூரம் போறவங்களுக்கு இந்த எபிசோட் உதவும். உங்களுக்குக் குழந்தை இல்லைன்னாலும் கேளுங்க. அக்கா குழந்தையையோ அண்ணன் குழந்தையையோ என்னைக்காவது ஒருநாள் உங்க கார்ல ஏத்தத்தான் போறீங்க.

எஸ்டிமேட்லயே முதல் தப்பு

சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை 135. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியா திருநெல்வேலி இன்னொரு 155. நாலுவழிச் சாலை, சராசரியா 65 கிலோமீட்டர் வேகம்னா ஒன்பதரை மணி நேரம். நான் அதுல ஒரு மணி நேரம் பஃபர் சேர்த்து பத்தரைன்னு சொன்னேன். ஆனது பதினாலு மணி நேரம்.

என்ன தப்புன்னா, நான் கிலோமீட்டரை வச்சுக் கணக்குப் போட்டேன். குழந்தைகளோட போகும்போது குழந்தையோட நேரத்தை வச்சுத்தான் கணக்குப் போடணும். கைக்குழந்தையை கார் சீட்ல தொடர்ந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல உட்கார வைக்கக் கூடாது. நடுவுல எடுத்து, பால் கொடுத்து, டயப்பர் மாத்தி, கொஞ்சம் தரையில தவழ விட்டுத்தான் திரும்ப உட்கார வைக்கணும். ஒரு ஸ்டாப்புக்கு நாப்பது நிமிஷம்னு வைங்க. அஞ்சு ஸ்டாப்புக்கே மூணு மணி நேரத்துக்கு மேல போயிடும்.

“ராத்திரி கிளம்பினா புள்ள தூங்கிரும்லா?”ன்னு அம்மா கேட்டாங்க. உண்மைதான், குழந்தை தூங்கிடும். ஆனா ஓட்டுறவன் கண்ணும் சொருகும். ராத்திரி ரெண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் நம்ம உடம்பு தூக்கத்தைக் கேட்கிற நேரம். அதனால முந்தின நாள் ஒன்பது மணிக்கே படுத்து, காலையில அஞ்சரைக்குக் கிளம்பினோம். நானும் மனைவியும் மாத்தி மாத்தி ஓட்டினோம்.

அந்த அஞ்சு நிமிஷம்

பின்சீட்ல ரெண்டு ஓரமும் ரெண்டு கார் சீட், நடுவுல அம்மா. அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த சீட் பிடிக்கல. “ஏல, பச்சப்புள்ளய இப்படிக் கட்டிப் போட்டா கொண்டு போவ? உன்னய நான் மடியிலதான வச்சுக் கொண்டு வந்தேன்.”

உளுந்தூர்பேட்டை தாண்டினதும் பையன் அழ ஆரம்பிச்சான். சாதாரண அழுகை இல்ல, மூச்சைப் பிடிச்சு வீறிட்டு அழுதான். அடுத்து வண்டி நிறுத்த நல்ல இடம் பத்து கிலோமீட்டர் தள்ளி. அம்மா தன் பெல்ட்டையும் கழட்டிட்டு, பையனைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க. அழுகை டக்குனு நின்னுச்சு. நான் கண்ணாடியில பார்த்தேன். வேணாம்னு சொல்லல. அந்த அமைதி எனக்கும் தேவைப்பட்டுச்சு. அதுதான் நான் பண்ணின தப்பு.

அஞ்சு நிமிஷம் கூட ஆகியிருக்காது. மீடியன் இடைவெளியிலிருந்து ஒரு பைக் குறுக்க வந்துச்சு. முழு பலத்தோட பிரேக் அடிச்சேன். இடிக்கல. ஆனா அம்மா ரெண்டு முன்சீட்டுக்கும் நடுவுல வந்து மோதினாங்க. பையன் கையிலிருந்து நழுவி, தலை கியர் பக்கம் வந்துடுச்சு. மனைவி கையை நீட்டித் தடுத்ததால ஒண்ணும் ஆகல. அம்மாவுக்கு முழங்கையில சிராய்ப்பு. பையனுக்கு ஒரு கீறல் கூட இல்ல.

அடுத்த டீக்கடையில நிறுத்தினோம். அம்மா டீ குடிக்கல, எதுவும் பேசல. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்.

இது வெறும் பிரேக்தான். 50 கிலோமீட்டர் வேகத்துல மோதியிருந்தா? 50 கிலோமீட்டர்னா நொடிக்கு சுமார் 14 மீட்டர். மோதும்போது அந்த வேகம் 0.1 நொடியில பூஜ்யமாகுதுன்னு வைங்க. புவியீர்ப்பை விட 14 மடங்கு. பையன் எடை 9 கிலோ. அந்த நேரத்துல அவனைப் பிடிச்சு வைக்க 125 கிலோவைத் தூக்குற பலம் வேணும். எந்தத் தாயோட கையாலயும் முடியாது. பாசம் குறைவுன்னு அர்த்தம் இல்ல. இது இயற்பியல்.

பெரியவங்க பெல்ட்டுக்குள்ளயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுறது இன்னும் ஆபத்து. நம்ம எடை மொத்தமும் குழந்தையை நசுக்கும்.

சீட் பத்தித் தெரிஞ்சுக்க வேண்டியது

கைக்குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரணும். உடம்போட ஒப்பிட்டா குழந்தை தலை பெருசு, கழுத்து இன்னும் கெட்டியாகல. பின்பக்கம் பார்த்து இருந்தா, மோதல் வேகத்தை முதுகு முழுக்க சீட் தாங்கிக்கும். ஐரோப்பாவுல ஐ-சைஸ் விதிப்படி குறைஞ்சது 15 மாசம் வரைக்கும் இப்படித்தான். சீட்டோட எடை, உயர வரம்பு இருக்கிற வரைக்கும் அப்படியே தொடர்றது நல்லது. ஏர்பேக் வேலை செய்யற முன்சீட்ல பின்பக்கம் பார்க்கிற சீட்டை மாட்டவே கூடாது.

நம்ம சட்டமும் இதைச் சொல்லுது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தோட 194பி பிரிவுப்படி, 14 வயசுக்குள்ள உள்ள குழந்தை பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாம போனா 1,000 ரூபாய் அபராதம்.

இன்னொண்ணு, கிளம்புற அன்னைக்குத்தான் சீட்டையே முதல்முறையா காட்டாதீங்க. ரெண்டு வாரம் முன்னாடியே ஹால்ல வச்சு, அதுல உட்கார வச்சு விளையாட்டுக் காட்டுங்க. நாங்க பண்ணல. அந்த அழுகைக்குப் பாதிக் காரணம் அதுதான்.

சாப்பாடு, வாந்தி, வெயில்

வண்டி ஓடும்போது பையனுக்கு எதுவும் ஊட்டல. புரையேறினா பின்னாடி திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள கைமீறிப் போயிடும். நிறுத்தித்தான் பால், இட்லி, மசிச்ச வாழைப்பழம். பொண்ணுக்கும் கடலை, முழுத் திராட்சை ரெண்டும் கிடையாது.

பொண்ணு மேலூர் பக்கத்துல வாந்தி எடுத்தா. காரணம் போன்ல பார்த்த கார்ட்டூன். கண்ணு அசையலைன்னு சொல்லும், உள்காது அசையுதுன்னு சொல்லும். மூளை குழம்பிடும். ரெண்டு வயசுக்குள்ள இது குறைவு, அதுக்கப்புறம்தான் ஜாஸ்தி. போனை வாங்கி வச்சுட்டு, ஜன்னல் வழியா லாரி எண்ணச் சொன்னோம். 43 லாரி வரைக்கும் எண்ணினா, அதுக்கப்புறம் எண் தெரியல.

டீ வாங்கத்தானேன்னு குழந்தையை காருக்குள்ள விட்டுட்டு இறங்காதீங்க. வெயில்ல நிக்கிற காருக்குள்ள பத்து நிமிஷத்துல சுமார் 10 டிகிரி ஏறும். பெரியவங்களை விட குழந்தை உடம்பு பல மடங்கு வேகமா சூடாகும்.

கடைசியா

ராத்திரி ஏழரைக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் மொட்டை, காதுகுத்து எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. திரும்பி வரும்போது திருச்சியில ஒரு ராத்திரி தங்கிட்டு, ரெண்டு நாளா வந்தோம். அதுதான் சரியான பிளான்.

அந்த டீக்கடையில நடந்த ஒண்ணைச் சொல்லி முடிச்சுக்கிறேன். அரை மணி நேரம் கழிச்சுக் கிளம்பும்போது, பையனை சீட்ல உட்கார வச்சது அம்மாதான். பக்கிளைப் போட்டுட்டு, தோள்பட்டை பட்டைக்கு அடியில ஒரு விரலை விட்டுப் பார்த்தாங்க. காலையில நான் பண்ணினதைப் பார்த்திருக்காங்க. ஒரு விரல் மட்டும் போகணும், அதுதான் சரியான இறுக்கம்.

“சரியா இருக்கால, நீயும் ஒருக்கா பாரு”ன்னாங்க. பார்த்தேன். சரியா இருந்துச்சு. அவன் திரும்பவும் அழுதான். பத்து கிலோமீட்டர் அழட்டும்னு விட்டோம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.